மூன்றாம் அத்தியாயத்துத் தட்டு

ஒரு தட்டைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியவள் நான். தங்கத் தட்டு ஒன்றும் இல்லை. எங்கள் ஊர் லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளச் சமையலறையில் அடுக்கி வைத்திருக்கும் வெள்ளைப் பீங்கான் தட்டுகளில் ஒன்று, ஓரத்தில் பச்சைக் கோடு போட்டது. யாரையாவது அடக்கம் செய்துவிட்டு ஊரே கீழே சாப்பிட இறங்கும்போது, அந்தத் தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு, காகிதக் கைக்குட்டையால் மூடி, அதன்மேல் ஒரு முள்கரண்டியைக் கிடத்தி, கடைசி மேசையின் ஓரத்தில் வைத்துவிடுவார்கள். யாரும் தொடக் கூடாது. இறந்தவருக்கு உரிய தட்டு அது.

அப்படித்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் கல்லூரியில் கடைசி வருடம் ஆய்வேடு எழுதாமல் பட்டம் கிடையாது. மற்ற துறைக்காரர்களுக்காவது எலி, தவளை, கண்ணாடிக் குழாய் என்று கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். என் துறை வரலாறு, சமயம், இலக்கியம் மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறுகிற துறை. "இதப் படிச்சு என்ன ஆவப் போற?" என்று ஊரில் கேட்பார்கள். "தெரியல" என்பேன். "அதத் தெரிஞ்சுக்க நாலு வருஷமா?" என்று சிரிப்பார்கள். மினசோட்டாவின் மேற்கு ஓரத்தில் சோளக்காட்டுக்கு நடுவே இருக்கிற ஊர் அது. அங்கே கிண்டல்கூட மெதுவான குரலில்தான் வரும்.

என் நெறியாளர் நவோமி ஸ்டெர்ன் நியூயார்க்கில் வளர்ந்தவர். எங்கள் பக்கத்து ஆட்களைப் பற்றி எதைச் சொன்னாலும் அவருக்கு ஆச்சரியம்தான். அடக்கச் சாப்பாட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்று முதல் நாள் போய்ச் சொன்னேன். ஹாம் வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், பச்சை ஜெல்லி, இறைச்சியும் காய்கறியும் கலந்து ஓவனில் வேகவைத்த ஹாட்டிஷ் என்று நான் அடுக்கியபோது மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஓரத்துத் தட்டைப் பற்றிச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"திரும்பச் சொல்லு" என்றார்.

திரும்பச் சொன்னேன்.

"பிரிட்டா, உன் ஆய்வேடு இந்தத் தட்டுதான். மத்ததெல்லாம் சும்மா தொட்டுக்க."

அன்று அவர் அறையிலிருந்து வெளியே வந்தபோது எனக்குக் கால் தரையில் இல்லை. ஏனென்றால் அந்தத் தட்டு எனக்கு ஆய்வுப் பொருள் மட்டும் இல்லை. முதல் தடவை அதைப் பார்த்தது என் அப்பாவின் அடக்கத்தன்று.

அப்பா விதைக் கம்பெனியில் விற்பனைக்காரர். பெயர் டேல். வாரத்தில் பாதி நாள் எல்லை தாண்டி தெற்கு டகோட்டாவில்தான் இருப்பார். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு மார்ச் மாதம், வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அதிலேயே மாரடைப்பில் போய்விட்டார். கீழ்த்தளத்தில் எல்லோரும் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்ததில், எரிச்சல் தாங்காமல் நான் கடைசி மேசைக்குப் போய் நின்றேன். அங்கே அந்தத் தட்டு தனியாக இருந்தது. யாருடைய தட்டு என்று ஆர்டிஸிடம் கேட்டேன். ஆர்டிஸ்தான் சமையலறைக்குத் தலைவி, அன்றும் இன்றும். அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து, தலையை மெல்ல அசைத்து, "உங்க அப்பாவோடது கண்ணு" என்றார்.

நான் அங்கேயே காவல் நின்றேன். போதகர் கூப்பிடுகிறார் என்று யாரோ என்னை மேலே அழைத்துப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் தட்டைக் காணவில்லை. அப்பா வந்து சாப்பிட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பத்து வயதுக்கு அது கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனமான நினைப்புதான். ஆனால் அன்று இரவு நான் தூங்கியதே அந்த நினைப்பில்தான்.

அடுத்து வந்த அடக்கத்தில் தட்டைக் காணோமே என்று கேட்டேன். லவோன் என்ற இன்னொரு பெண்மணி "அட, மறந்தே போச்சு" என்று உள்ளே ஓடி ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பிறகு நான் போன எல்லா அடக்கத்திலும் தட்டு இருந்தது. இதைத்தான் நான் வழக்கம் என்று எழுதினேன்.

ஆய்வு என்று வந்தபின் குரல் பதிவுக் கருவியோடு சமையலறையில் உட்கார்ந்தேன். ஆர்டிஸ் தன் அம்மாவும் இப்படி வைப்பார் என்றார். லவோன் தன் பாட்டன் நார்வேயிலிருந்து கப்பலில் வரும்போதே கொண்டுவந்த பழக்கம் என்றார். ஒருவருக்கு ஒருவர் சளைக்கவில்லை.

"கைக்குட்டைக்கு மேல ஏன் முள்கரண்டிய வைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"காத்துல பறக்காம இருக்கத்தான்" என்றார் லவோன்.

ஆர்டிஸ் அவரை ஒரு பார்வை பார்த்தார். லவோன் உடனே கேக் வெட்டப் போய்விட்டார். கீழ்த்தளத்தில் ஏது காற்று என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது வேறு: இந்த மக்கள் புனிதத்தை நடைமுறைக் காரணத்துக்குள் ஒளித்து வைக்கிறார்கள். அப்படியே எழுதினேன். நவோமி அந்த வரிக்குப் பக்கத்தில் மூன்று கோடு போட்டிருந்தார்.

இரண்டாம் வாசிப்பாளர் லாரன்ஸ் பீட்டி, சமயத் துறைக்காரர், மட்டும் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினார்: பக்கத்து ஊர்களில் உண்டா? எவ்வளவு பழையது? சுற்றியுள்ள போதகர்களுக்குப் போன் போட்டேன். "தட்டா? எங்க ஊர்ல தட்டுல சாப்பிடறதோட சரி" என்றார் ஒருவர். இன்னொருவர் நான் ஏதோ பாத்திரம் விற்கிறேன் என்று நினைத்து வேண்டாம் என்று வைத்துவிட்டார். யாரும் கேள்விப்படவில்லை. சரி, எங்கள் ஊரில் மட்டுமே தப்பிப் பிழைத்த வழக்கம் என்று எழுதினேன். இல்லாததையும் ஆதாரமாக்கிக்கொள்ளும் சாமர்த்தியத்தை நாலு வருடம் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்திருக்கிறார்களே.

மூன்றாம் அத்தியாயத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா மார்லிஸ் எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். இரண்டு நாளில் போன் செய்தாள்.

"படிச்சேன். மோசமில்ல" என்றாள். எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. "ரெண்டு இடத்துல எழுத்துப்பிழை இருக்கு. பென்சில்ல குறிச்சு வெச்சிருக்கேன்."

"வேற ஒண்ணும் தோணலையா?"

"அப்பாவப் பத்தி எழுதினது நல்லா இருந்துச்சு."

நான் அழுதுவிட்டேன். சமர்ப்பணப் பக்கத்தை அன்றே எழுதினேன்: என் அப்பாவுக்குத் தட்டு வைத்த பெண்களுக்கு.

ஈஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஹெர்மன் லோகன் என்ற பழைய தபால்காரர் இறந்திருந்தார். எனக்கு வருத்தம்தான், ஆனால் உள்ளுக்குள் ஒரு குஷியும் இருந்தது. கடைசியாக ஒரு அடக்கத்தை நேரில் பார்த்துக் குறிப்பெடுக்கலாம். காலையிலேயே கீழ்த்தளத்துக்குப் போய் மேசைகளுக்குக் காகிதம் விரித்தேன். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே உணவு தள்ளிக் கொடுக்கும் ஜன்னல் ஒன்று உண்டு. அதன் கதவு முக்கால்வாசி மூடியிருந்தது. நான் அதற்குக் கீழே குனிந்து காகிதத்தை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

உள்ளே கெல்சியின் குரல். போன வருடம்தான் ஊருக்குக் கல்யாணமாகி வந்த பெண். "அந்த ஓரத்துத் தட்டு இன்னிக்கு வைக்கணுமா? போன மாசம் வைக்கலையே."

"பிரிட்டா வந்திருக்காள்ல. வெச்சிடு" என்றார் லவோன். "இல்லாட்டி அந்தப் பொண்ணு முகம் வாடிப்போயிடும்."

"அப்ப அவ ஊர்ல இல்லாதப்ப?"

"எதுக்கு நல்ல சாப்பாட்ட வீணாக்கணும்?"

காகிதச் சுருள் கையில் இருக்க, நான் அப்படியே நிமிர்ந்து சமையலறைக்குள் போனேன். மூவரும் என்னைப் பார்த்தார்கள். காபி அண்டா மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

"நான் இல்லாதப்ப வைக்க மாட்டீங்களா?" என்றேன்.

ஆர்டிஸ் கையைத் துடைத்துக்கொண்டார். "ருபார்ப் கேக் இப்பத்தான் எடுத்தேன். ஒரு துண்டு சாப்பிடு."

"ஆர்டிஸ், நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"ஓரத் துண்டு வேணுமா, நடுத்துண்டா?"

"உங்க அம்மா இப்படித் தட்டு வெச்சாங்களா, இல்லையா?"

"எங்கம்மா யாருக்கும் எதுவும் எடுத்து வைக்க மாட்டா" என்றார் ஆர்டிஸ் கடைசியில். "கருமி."

லவோனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. நாற்பது பக்கம். நார்வேயின் பழைய திருச்சபைக் குறிப்புகளை அகராதி வைத்துக்கொண்டு படித்திருக்கிறேன். இந்தப் பெண்கள் கருவியைப் பார்த்துக்கொண்டே, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொன்றாகப் புளுகியிருக்கிறார்கள்.

"எதுக்கு?" என்றேன். "என்னை வெச்சு விளையாடறதுக்கா?"

"சீ, அப்படி இல்ல" என்றார் லவோன். "நீ அவ்வளவு ஆசையாக் கேட்டே. இதுக்கு என்ன அர்த்தம், அதுக்கு என்ன அர்த்தம்னு. ஒண்ணுமில்லன்னு சொன்னா நீ விடவே மாட்டே. ஏதாவது சொன்னாத்தான் எழுந்து போவே."

"அப்ப அன்னிக்கு வெச்ச தட்டு? எங்கப்பா தட்டு?"

கெல்சி ஏதோ எடுக்கப் போவதுபோல வெளியே போய்விட்டாள். ஆர்டிஸ் அடுப்பை அணைத்தார்.

"அது உங்கப்பாவுக்கு இல்ல கண்ணு. வெளிய கார்ல ஒருத்தி உக்காந்திருந்தா. எல்லைக்கு அந்தப் பக்கம், சூ ஃபால்ஸ்லேருந்து வந்தவ. உள்ள வரல. வரவும் முடியாது. அவளுக்கு."

"யாரு அவ?"

ஆர்டிஸ் அண்டாவின் மூடியைச் சரிசெய்தார். அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாரத்தில் பாதி நாள் அப்பா எல்லை தாண்டி எங்கே தங்கினார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"வெளிய எடுத்துட்டுப் போகணும்ல" என்றார் லவோன் மெதுவாக. "மார்ச் மாசக் காத்து. அதுக்குத்தான் முள்கரண்டி."

நேராக வீட்டுக்கு ஓடினேன். வழியெல்லாம் எனக்கு அம்மாவை நினைத்துத்தான் கொதித்தது. புருஷனை அடக்கம் செய்துவிட்டு அவள் மேலே நிற்கும்போது, அவளுடைய தோழிகள் அவளுக்குத் துரோகம் செய்தவளுக்குக் கீழே சாப்பாடு கட்டியிருக்கிறார்கள். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் தேடிக்கொண்டே போனேன். அம்மா வீட்டுக்கு வெளியே ஏணி போட்டு, பனிக்காலத்துக்கு மாட்டியிருந்த ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கீழ இறங்கு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பா அடக்கத்தன்னிக்கு கார்ல ஒருத்தி வந்தாளாம். இவங்க எல்லாரும் சேர்ந்து அவளுக்கு..."

"இந்தக் கண்ணாடியப் பிடி" என்றாள் அம்மா.

பிடித்தேன். அவள் இறங்கி வந்தாள்.

"தட்டுல போட்டது நான்தான்" என்றாள். "எடுத்துட்டுப் போனதும் நான்தான். வேற யாரும் போக மாட்டேன்னுட்டாங்க."

கண்ணாடி என் கையில் இருந்ததால் உடனே கத்தக்கூட முடியவில்லை. அதை ஒழுங்காகச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் எனக்குக் கோபமே வந்தது.

"உனக்குத் தெரியுமா? அப்பவே தெரியுமா?"

"ரெண்டு வருஷமா தெரியும்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"பத்து வயசுப் பொண்ணுகிட்ட என்னன்னு சொல்றது?"

"பத்து வயசுல வேண்டாம். இருபத்திரண்டுல சொல்றதுக்கு என்ன?"

"இருபத்திரண்டுல நீ அதப் புத்தகமா எழுதிட்டு வந்து நிக்கிற."

"நீ படிச்சே. அந்த அத்தியாயத்த நீ முழுசா படிச்சே. எல்லாம் பொய்னு தெரிஞ்சுக்கிட்டே படிச்சே. படிச்சுட்டு எழுத்துப்பிழை ரெண்டுன்னு சொன்னே."

"ரெண்டு இருந்துச்சே" என்றாள் அம்மா.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. எங்கள் தெருவில் யாரும் கத்துவதில்லை. எதிர்வீட்டில் ஒருவர் வெளியே வந்து, வராததுபோல உள்ளே போனார். அப்பா எனக்குத் துரோகம் செய்தார் என்பதைக்கூட நான் அப்புறம் பார்த்துக்கொள்வேன். செத்தவர், அவரிடம் கேட்க முடியாது. ஆனால் என்னை வளர்த்த பெண்கள் எல்லோரும் பன்னிரண்டு வருடம் என் முன்னால் ஒரு நாடகம் போட்டிருக்கிறார்கள், அதில் என் அம்மாவும் ஒருத்தி, நான் மட்டும் பார்வையாளர். அதுவும் டிக்கெட் வாங்காமல் கைதட்டிய பார்வையாளர்.

"அந்த அத்தியாயத்த அப்படியே விட்டுடு" என்றாள் அம்மா நான் ஓய்ந்தபின். "ஊருக்கு எல்லாம் தெரியும். அது பரவாயில்ல. அவங்க அதப் பத்திப் பேச மாட்டாங்க. நீ அங்க போய், முகம் தெரியாதவங்க முன்னாடி சொன்னீன்னா, அவங்க என்னை ஐயோ பாவம்னு பாப்பாங்க. ஒரு தடவ அதெல்லாம் பட்டாச்சு. எனக்காக விட்டுடு."

"பொய்ய எழுதி என் பேரப் போடச் சொல்றியா?"

"தட்டு வெச்சோம். அது பொய்யில்லையே."

அன்று மாலையே கல்லூரிக்குக் கிளம்பிவிட்டேன்.

நவோமியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுகையோடுதான் சொன்னேன். அவர் என் பக்கம் ஒரு டிஷ்யூ பெட்டியைத் தள்ளினார், அதுவரை சரி. நான் முடித்ததும் அவர் கண்கள் ஜொலித்தன.

"பிரிட்டா, இது முன்னத விடப் பிரமாதம்."

"என்ன?"

"யோசிச்சுப் பாரு. ஒரு துரோகத்த மறைக்கப் போய் ஒரு சடங்கே பொறந்திருக்கு. அதுவும் உன் ஆராய்ச்சியே அத வளத்திருக்கு. நீ கேட்கக் கேட்க அவங்க உண்டாக்கியிருக்காங்க. இப்படி ஒரு விஷயம் எத்தன பேருக்குக் கிடைக்கும்?"

"எங்கம்மா வேண்டாங்கறாங்க."

"பேர மாத்திடலாம்" என்றார் நவோமி. "உனக்கு இது கஷ்டம்னு எனக்குப் புரியுது. ஆனா உன்னால முடியும்."

இந்தப் பெண்மணியை நான் எவ்வளவு நம்பினேன் தெரியுமா? என் வீட்டில் இழவு விழுந்ததைச் சொல்லப் போனால், அதில் நல்ல துண்டு எது என்று அவர் பார்க்கிறார். ஆனாலும் எழுதினேன். அதுதான் என் லட்சணம். பெயரில்லாமல், ஊரில்லாமல், "ஆய்வாளரின் குடும்பத்தில் ஒருவர்" என்றெல்லாம் போட்டு மூன்றாம் அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதினேன். சமர்ப்பணப் பக்கத்தை எடுத்துவிட்டேன். ஆய்வேட்டைக் கொடுத்தவர்கள் நூலக வாசலில் தொங்கும் மணியை அடிப்பது எங்கள் கல்லூரி வழக்கம். தோழிகள் சுற்றி நின்று கைதட்டினார்கள். இந்த வழக்கத்தையும் யார் எதை மறைக்க ஆரம்பித்தார்களோ என்று நினைத்துக்கொண்டே அடித்தேன்.

மே மாதம் எல்லோர் முன்னிலையிலும் ஆய்வை எடுத்துச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். வந்தார்கள். தேவாலய வேனில் சமையலறைப் பெண்கள் அத்தனை பேரும், ஞாயிற்றுக்கிழமை உடுப்பில், மடியில் இனிப்புத் தட்டங்களோடு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா இரவு வேலை முடித்து நேராகத் தன் காரில் வந்திருந்தாள். ஈஸ்டருக்குப் பிறகு நாங்கள் பேசியிருக்கவில்லை. கையை மெல்லத் தூக்கிக் காட்டினாள். நான் பார்க்காததுபோல என் காகிதங்களைச் சரிசெய்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அன்று நான் அவளைக் காட்டிக்கொடுப்பதாக இல்லை. எழுதினது எழுதினதாக இருக்கட்டும், இரண்டு பேராசிரியர்கள் படிப்பார்கள், அலமாரியில் தூங்கும். பேச்சில் ஜெல்லியையும் ஹாட்டிஷையும் பற்றிச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்று இருந்தேன். அப்படியே சொன்னேன். கூட்டம் சிரித்தது. லவோன்கூடச் சிரித்தார்.

லாரன்ஸ் பீட்டி கையைத் தூக்கினார். "ஒரே ஒரு கேள்வி. முதல் தட்டு யாருக்காக வெச்சது? அத நீங்க பேச்சுல சொல்லல."

அந்தக் கேள்விக்குத் தப்பிக்க நூறு வழி உண்டு. நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். ஆர்டிஸ் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மெதுவாக, அன்பாக, "உங்க அப்பாவோடது கண்ணு" என்று சொன்ன அன்று எப்படி அசைத்தாரோ அப்படியே. பக்கத்தில் லவோனும் அசைத்தார். வரிசை முழுக்க அசைத்தது. சொல்லு பெண்ணே, நீயும் எங்களில் ஒருத்திதானே, அப்பாவுக்கு என்றே சொல்லு என்று. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"எங்கப்பா வெச்சிருந்த பொம்பளைக்கு" என்றேன். "எங்கம்மா போட்டுக் கொடுத்தாங்க. அதோ, உக்காந்திருக்காங்க."

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் எதற்குப் பயந்தாளோ அந்தப் பார்வையை நானே அவள் பக்கம் திருப்பிவிட்டேன். நவோமி மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையோ குறித்துக்கொண்டார். அம்மா கோட்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு, வழியில் கால் நீட்டியிருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு வெளியே போனாள்.

பிறகு காபி. வெளிக்கூடத்து மேசையை எங்கள் ஊர்ப் பெண்கள் கேட்காமலேயே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கல்லூரி ஆட்கள் ஒதுங்கி நிற்க, இவர்கள் பன்களையும் இனிப்பையும் அடுக்கி, வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தார்கள். அவர்களில் யாரும் என்னைத் திட்டவில்லை. யாரும் என்னோடு பேசவும் இல்லை. அழகாகப் பேசினாய் என்று கல்லூரி ஆட்கள்தான் யார் யாரோ வந்து கையைக் குலுக்கினார்கள். ஒரு பெண், உங்க அம்மா எவ்வளவு பாவம், என்றாள். நான் தலையை ஆட்டினேன். பழிவாங்கினால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கையிலிருந்த காபியைக் குடிக்காமல் மேசையில் வைத்தேன்.

ஆர்டிஸ் ஒரு தட்டை எடுத்தார். ஹாம் பன் ஒன்று, சாலட் ஒரு கரண்டி, ருபார்ப் கேக்கில் ஓரத் துண்டு. கைக்குட்டையால் மூடினார். முள்கரண்டியை மேலே கிடத்தினார். மேசையின் ஓரத்தில், எனக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"இது யாருக்கு?" என்றேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"வெளிய கார்ல ஒருத்தி உக்காந்திருக்கா" என்றார் ஆர்டிஸ். "காலையிலேருந்து சாப்பிடல. எங்கள்ல யாராவது எடுத்துட்டுப் போகலாம்தான்."

போகவில்லை. அண்டாவைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் நின்றேன். ஆட்கள் தட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தொடக் கூடாது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, ஆனாலும் தொடவில்லை. எனக்கு யார்மேலும் கோபம் குறைந்திருக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வாகனங்கள் நிற்கும் இடம் திறந்தவெளி. காற்று வந்தது. கைக்குட்டையின் ஒரு முனை எழுந்தது, முள்கரண்டி அதைப் பிடித்துக்கொண்டது. அம்மா ஓட்டுநர் இருக்கையில், இரண்டு கையையும் சக்கரத்தில் வைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள். முகம் நனைந்திருந்தது. ஜன்னலைத் தட்டினேன். கண்ணாடியைப் பாதிதான் இறக்கினாள். அந்த இடைவெளியில் தட்டு போகவில்லை.

"சாப்பிடு" என்றேன்.

"பசிக்கல."

"ஆர்டிஸ் கொடுத்தாங்க."

அவள் தட்டைப் பார்த்தாள். அதை எப்படி மூடியிருக்கிறது என்பதைப் பார்த்தாள்.

"அன்னிக்கு அவளும் பாதிதான் இறக்கினா" என்றாள்.

"அப்புறம் எப்படிக் கொடுத்தே?"

"அந்தப் பக்கமா போய்க் கதவத் திறந்தேன். உள்ள உக்காந்தேன்."

"கூட உக்காந்தியா? அவகூடவா?"

"தட்டத் திருப்பி எடுத்துட்டு வரணுமே. சர்ச்சுத் தட்டு."

"என்ன பேசினீங்க?"

"ஒண்ணும் பேசல. அவ அழுதுட்டே சாப்பிட்டா. சாலட்ல உப்பு கம்மின்னா." அம்மா மூக்கைத் துடைத்தாள். "கம்மிதான்."

நான் காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். கதவு பூட்டியிருந்தது. தட்டைக் கையில் பிடித்தபடி, அவள் திறக்கட்டும் என்று நின்றேன்.